‘ங்க’ எங்கே போச்சு? டைம்லைன்ல வெட்டும்போது

போன எபிசோடுல மைக், ரெக்கார்டிங் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான்: “ரெக்கார்ட் பண்ணியாச்சு, எடிட்டிங் சாஃப்ட்வேர்ல போட்டாச்சு, ஒரு இடத்துல வெட்டினா வேற எங்கயோ கலையுது, ஏன்?” இன்னிக்கு அதைத்தான் பார்க்கப்போறோம். நான் பயன்படுத்துறது கேடன்லைவ். இலவசமா கிடைக்கிற கட்டற்ற மென்பொருள், லினக்ஸ்லயும் விண்டோஸ்லயும் ஓடும். நீங்க டாவின்சியோ ஷாட்கட்டோ வெச்சிருந்தாலும் பரவாயில்லை. பட்டன் இருக்கிற இடம் மாறும், கணக்கு மாறாது.

முதல்ல ஒரு பயத்தைப் போக்கிடலாம். டைம்லைன்ல நீங்க வெட்டுறது உங்க வீடியோவை இல்லை. எங்க புரோகிராமர் பாஷையில சொன்னா, க்ளிப்ங்கிறது ஒரு பாயிண்டர். “இந்த ஃபைலை எடு, இத்தனாவது ஃப்ரேம்ல ஆரம்பி, இத்தனாவதுல நிறுத்து” அப்படிங்கிற குறிப்பு மட்டும்தான் அங்க இருக்கு. கேடன்லைவோட புராஜெக்ட் ஃபைலை ஒரு டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்து பாருங்க. அது வெறும் எக்ஸ்எம்எல். ஃபைல் பேரு, உள்ளே, வெளியே, அவ்வளவுதான். க்ளிப்போட ஓரத்தைப் பிடிச்சு உள்ள தள்ளினா ஒரு எண் மாறுது. திரும்ப வெளிய இழுத்தா பழைய எண் வந்துடுது. அதனால தைரியமா வெட்டுங்க. ஆனா ஒரிஜினல் ஃபைலை வேற ஃபோல்டருக்கு மாத்திட்டீங்கன்னா பாயிண்டர் அந்தரத்துல தொங்கும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

அப்போ என்னதான் கலையுது? க்ளிப்களுக்கு நடுவுல இருக்கிற உறவு கலையுது. ஒரு பேட்டியை எடுத்துக்குங்க. முகம் ஒரு ட்ராக்ல இருக்கு. சட்டையில மாட்டின மைக்கோட ஒலி இன்னொரு ட்ராக்ல. அவர் பேசும்போது மேல காட்டுற படங்கள் மூணாவதுல. இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு எந்த நொடியில பொருந்தணும்னு எங்கயும் எழுதி வைக்கலை. பக்கத்து பக்கத்துல நிக்குதுங்கிறது மட்டும்தான் அதுங்களுக்குள்ள இருக்கிற ஒப்பந்தம். ஒண்ணை நகர்த்தி மத்ததை விட்டுட்டா ஒப்பந்தம் முறிஞ்சுது. சாஃப்ட்வேர் ஒரு எரர் கூடக் காட்டாது, அதைப் பொறுத்தவரைக்கும் எல்லாம் சரியாத்தான் இருக்கு.

வெட்டுறதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, துண்டை எடுத்துட்டு அந்த இடத்தைக் காலியா விடுறது. இன்னொண்ணு, துண்டை எடுத்துட்டு வலது பக்கம் இருக்கிற எல்லாத்தையும் இழுத்து ஒட்டுறது. ரிப்பிள்னு சொல்றாங்களே, அது இதுதான். கேடன்லைவ்ல ஐ, ஓ கீகளால ஒரு பகுதியைக் குறிச்சுட்டு இசட் அழுத்தினா முதல் வகை, ஷிஃப்ட் எக்ஸ் அழுத்தினா ரெண்டாவது வகை. பேட்டியில பெரும்பாலும் ரெண்டாவதுதான் வேணும். சிக்கலும் அங்கதான். ரெண்டாவது வகை எந்தெந்த ட்ராக்கைத் தொடும்ங்கிறது எது ஆக்டிவா இருக்கு, எது பூட்டியிருக்குங்கிறதைப் பொறுத்தது.

பூட்டு ஐகானைப் பத்தி நிறைய பேர் தப்பா நினைச்சிருக்காங்க. “முக்கியமான ட்ராக், பூட்டி வெச்சா பத்திரம்”னு பூட்டிடுவாங்க. அந்த ட்ராக் பத்திரமாத்தான் இருக்கும். ஆனா மத்த எல்லாம் மூணு செகண்ட் இடது பக்கம் நகர்ந்திருக்கும். அது மட்டும் கூட்டத்துல கையை விட்ட குழந்தை மாதிரி பழைய இடத்துலயே நிக்கும். என் வழக்கம் என்னன்னா, வெட்டி ஒட்டுற வேலை முழுசா முடியிறவரைக்கும் பூட்டே போடமாட்டேன். பின்னணி இசையையும் மேல வர்ற படங்களையும் அதுக்கப்புறம்தான் டைம்லைனுக்குள்ளயே கொண்டு வருவேன். இல்லாத ட்ராக் கலையாது பாருங்க.

கலைஞ்சா எவ்வளவு கலைஞ்சா தெரியும்? இதுக்கு ஒரு அளவு இருக்கு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தோட ஒரு பரிந்துரைப்படி, ஒலி படத்தை விட 45 மில்லிசெகண்ட் முந்தினா பார்க்கிறவங்களுக்கு உறுத்த ஆரம்பிக்கும். ஆனா பிந்தினா 125 வரைக்கும் கண்டுபிடிக்க மாட்டாங்க. ஏன் இந்த ஓரவஞ்சனை? நிஜ வாழ்க்கையில ஒலி எப்பவுமே பிந்தித்தான் வரும். 40 மீட்டர் தள்ளி ஒருத்தர் துணி துவைக்கிறாருன்னா, துணி கல்லுல படுறது முதல்ல தெரியும், சத்தம் நொடியில எட்டுல ஒரு பங்கு கழிச்சு வரும். மூளை அதுக்குப் பழகிப்போச்சு. வாய் திறக்கிறதுக்கு முன்னாடியே வார்த்தை வர்றதுதான் அதுக்கு ஒப்பாது. 25 ஃப்ரேம் வீடியோவுல ஒரு ஃப்ரேம்னா 40 மில்லிசெகண்ட். அப்போ ஒலி ஒரு ஃப்ரேம் முந்தினா தப்பிச்சீங்க, ரெண்டு முந்தினா மாட்டினீங்க. சந்தேகம் வந்தா ஒலியைக் கொஞ்சம் பிந்த விடுங்க.

சரி, இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படுற விஷயத்துக்கு வர்றேன். எங்கே வெட்டுறது?

கோயம்புத்தூர்ல மூடிப்போன ஒரு பஞ்சாலையில ஸ்பின்னிங்ல வேலை பார்த்த பெரியவர் ஒருத்தரைப் பேட்டி எடுத்திருந்தோம். 52 நிமிஷம். நண்பர் ஒருத்தர் அதை ஒரு தானியங்கிக் கருவியில போட்டு அனுப்பினார். ஒலி ஒரு அளவுக்குக் கீழ போனா அது மௌனம்னு எடுத்துக்கிட்டு அந்த இடத்தையெல்லாம் வெட்டி ஒட்டிடுற கருவி. 52 நிமிஷம் 37 ஆயிடுச்சு. விறுவிறுன்னு போகுது. பார்த்துட்டு எனக்கு ஒண்ணு புரியலை: பேட்டி எடுத்தப்ப அவ்வளவு மரியாதையா பேசினவர், இதுல ஏன் வெடுக்குவெடுக்குன்னு பேசுறாரு?

ஹெட்போன் மாட்டி ஒரிஜினலையும் இதையும் மாத்தி மாத்திக் கேட்டேன். ‘ங்க’ காணோம்! கொங்குப் பேச்சுல வாக்கியம் முடியிற இடத்துல அந்த ‘ங்க’ வரும் இல்லையா, “சொன்னேனுங்க”, “போச்சுங்க”ன்னு. வாக்கியக் கடைசியில குரல் தானா இறங்கும். வயசானவங்களுக்கு இன்னும் இறங்கும். அந்த ‘ங்க’ மூச்சோட மூச்சா வந்திருக்கு. கருவிக்கு அது மௌனம். அவர் சொன்னது “சூப்பர்வைசர்கிட்டச் சொன்னேனுங்க”. கருவி விட்டு வெச்சது “சூப்பர்வைசர்கிட்டச் சொன்னேன்”. வாழ்நாள் முழுக்க எல்லாருக்கும் ‘ங்க’ போட்டுப் பேசின மனுஷன், திரையில யாரையும் மதிக்காதவரா உட்கார்ந்திருக்கார்.

இது மரியாதையோட நிக்காது. தமிழ்ல முக்கியமான சரக்கெல்லாம் சொல்லோட வால்லதான் இருக்கு. காலம், பன்மை, இல்லைங்கிறது, எல்லாமே கடைசியில. “தெரியும்”, “தெரியாது” ரெண்டும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்குது. “கஷ்டமில்ல”ங்கிறதுல கடைசி ஏழெட்டு ஃப்ரேமை நறுக்கினா “கஷ்டம்”னு நிக்கும். ஆங்கிலத்துல ‘நாட்’ முன்னாடியே வந்துடும், வால் கொஞ்சம் போனாலும் அர்த்தம் பிழைச்சுக்கும். அந்த டுடோரியலைப் பார்த்துட்டு நம்ம ஆளுங்க பேச்சை அதே இறுக்கத்துல வெட்டினா நம்ம மொழி தாங்காது. அதனால நான் சொல்றது: தொடக்கத்தை இறுக்கமா வெட்டுங்க, முடிவுல தாராளமா விடுங்க. வேவ்ஃபார்ம் தட்டையாகுற இடத்துக்கு அப்புறமும் பத்து பன்னிரண்டு ஃப்ரேம் விட்டுட்டு, ஹெட்போன்ல கேட்டு, அப்புறம் குறைங்க. கண்ணை நம்பாதீங்க, அலை தட்டையா தெரியிற இடத்துலயும் சொல் இருக்கும்.

அப்புறம் மௌனம். அதே பேட்டியில, மில்லு மூடினதைப் பத்திக் கேட்டப்போ அவர் சொன்னார்: “அதெல்லாம் ஒண்ணுங் கஷ்டமில்லீங் தம்பி.” ஒன்பது செகண்ட் பேசலை. துண்டை எடுத்து மடியில மடிச்சு வெச்சார். அப்புறம், “பெரிய பையன் படிப்ப நிறுத்திப்போட்டானுங்க”ன்னார்.

கருவி அந்த ஒன்பது செகண்டை எடுத்துடுச்சு. ரெண்டு வாக்கியமும் ஒட்டி வந்தா என்ன கேட்குது? கஷ்டமில்லை, பையன் நின்னுட்டான், அடுத்த கேள்வி. பையன் படிப்பு நின்னதே அந்த மனுஷனுக்குப் பெருசா படலைங்கிற மாதிரி. இன்னொரு ஆள் நேரமில்லைன்னு “கஷ்டமில்ல”யோட நிறுத்தியிருந்தா அதுவும் ஒரு வீடியோதான். ‘மில் மூடியும் கலங்காத தொழிலாளி’ன்னு தலைப்பு வெச்சுப் போட்டிருக்கலாம். எக்ஸ்எம்எல்ல ஒரு எண்தான் மாறியிருக்கும். அவர் சொல்லாத எதையும் நாம சேர்க்கலை, ஆனாலும் அது பொய்.

அதுல எனக்கு ஒரு சின்ன ஆத்திரமே உண்டு. ‘டெட் ஏர்’னு ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு, பேசாத இடமெல்லாம் செத்த இடம்னு முடிவு பண்ணிட்டோம். அடுத்த வார்த்தை தேடி நிக்கிற இடைவெளி வேற, வார்த்தை கிடைச்சும் சொல்ல முடியாம நிக்கிற இடைவெளி வேற. முதலாவதை வெட்டலாம், வெட்டணும், பேசினவருக்கே அது உதவி. ரெண்டாவது பேட்டியோட பதில். கருவிக்கு ரெண்டும் ஒரே டெசிபல்.

வேலை எப்படிப் போகுதுன்னு சொல்லிடுறேன். முழுப் பேட்டியையும் ஒரு தடவை வெட்டாம ஓடவிட்டு, ஜி கீயால கைடு மட்டும் போட்டுக்கிட்டே போவேன். கேமராவோட சொந்த ஒலியை அழிக்கமாட்டேன், ஒரு ட்ராக்ல ம்யூட் பண்ணி வெச்சிருப்பேன். கேடன்லைவ்ல அதை ரெஃபரன்ஸா வெச்சு மைக் ஒலியைத் தானாப் பொருத்தச் சொல்லலாம், பின்னாடி சிங்க் தகராறு வந்தா சாட்சிக்கும் ஆகும். முகத்தையும் மைக் ஒலியையும் பொருத்தினதும் ரெண்டையும் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல் ஜி போட்டு குரூப் பண்ணிடுவேன். போன்ல எடுத்த வீடியோன்னா பெரும்பாலும் ஃப்ரேம் வேகம் சீரா இருக்காது, டைம்லைன்ல போடுறதுக்கு முன்னாடியே சீரான வேகத்துக்கு மாத்திடுங்க. இல்லைன்னா ஆரம்பத்துல பொருந்தினது கடைசியில பொருந்தாது, அதை எந்த ட்ரிம்மாலயும் சரி பண்ண முடியாது.

வெட்டின இடத்துல படம் குதிக்கும். மேல ஒரு படத்தைப் போட்டு மறைப்போம், எல்லாரும் செய்யிறதுதான். நான் எனக்கு ஒரு கட்டுப்பாடு வெச்சிருக்கேன்: ஒரு வாக்கியத்துக்கு நடுவுல வெட்டினா அதைப் படம் போட்டு மறைக்கிறதில்லை, குதிக்கட்டும். இங்க வெட்டியிருக்குன்னு பார்க்கிறவருக்குத் தெரியட்டும். ரெண்டு பதிலுக்கு நடுவுல இருக்கிற வெட்டுக்கு மட்டும்தான் மறைப்பு. எடிட்டிங் தெரிஞ்ச நண்பர்கள் இது அழகா இல்லைன்னு சொல்றாங்க. இருக்கட்டும்.

இன்னொண்ணு, பேட்டி முடிஞ்சதும் யாரும் பேசாம அந்த அறையோட ஒலியை அரை நிமிஷம் பதிஞ்சுக்குங்க. ஃபேன் ஓடுறது, தெருவோட இரைச்சல், எது இருந்தாலும் சரி. இருமலை எடுத்த இடத்துல முழு நிசப்தம் வந்தா காதுல குழி விழுந்த மாதிரி இருக்கும். தனியா ஒரு ட்ராக்ல அந்த அறை ஒலியைப் போட்டு நிரப்பிடலாம்.

அந்தப் பேட்டி கடைசியில 46 நிமிஷம் வந்துச்சு. போடுறதுக்கு முன்னாடி பெரியவர் வீட்டுக்குப் போய் லேப்டாப்ல காட்டினேன். முழுசாப் பார்த்தார். அந்த ஒன்பது செகண்ட் வந்தப்போ ஒண்ணும் சொல்லலை. கடைசியில கேட்டது ஒண்ணுதான்: “அந்த சூப்பர்வைசர் பேர மட்டும் எடுத்துருங்க தம்பி, அவரு பேரன் இங்கதான் பக்கத்துல கடை வெச்சிருக்கான்.” அங்கயே உட்கார்ந்து அந்தப் பேர் வர்ற இடத்தை வெட்டி, ஒரு பீப் ஒலியை வெச்சேன்.

அடுத்த எபிசோடுல சப்டைட்டில் பத்திப் பேசலாம். பேச்சைத் தானா எழுத்தாக்குற கருவிகள் கொங்குத் தமிழைக் கேட்டு என்னெல்லாம் எழுதுதுன்னு சில உதாரணம் சேர்த்து வெச்சிருக்கேன்.