சாதி மலையேறும், சான்றிதழ் ஏறாது

(கம்பத்தில், நீட் தேர்வை மறுமுறை எழுதிய மாணவர்களிடமும் பெற்றோரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)



இரண்டாவது, மூன்றாவது முறை நீட் எழுதிவிட்டு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, மறுபடி எழுதுவதில் அவமானம் எதுவும் இல்லை. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையின்படி, 2020-21-இல் தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் 71 விழுக்காட்டுக்கும் மேல் மறுமுறை எழுதியவர்கள். வீட்டில் உலை கொதிக்க நம் கூலி தேவைப்படாமல், ஓராண்டு பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டிப் படிக்க முடிந்தவர்களுக்கு வசதியான தேர்வு அது. அதையும் மீறித்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது கேள்வி, எந்த மாநிலத்தில், எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்பது. இந்தப் பள்ளத்தாக்கில் இதற்குப் பதில் சொல்வது லேசில்லை. நம் ஆட்கள் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வருகிறார்கள். சிலர் அங்கேயே லயத்தில் தங்கிவிட்டார்கள். பிள்ளைகள் இடுக்கியில் படித்தார்கள். 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. வேலை இன்றும் மலையில், சொந்த ஊர் கீழே.

அந்தப் பிள்ளை இங்கே விண்ணப்பித்தால், 6 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படிக்காததால் இருப்பிடச் சான்று கேட்பார்கள். அரசுப் பள்ளியில் படித்திருந்தாலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடையாது. 2020-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கானது. சரி, கேரளத்தில் கேட்கலாம் என்றால் அங்கே வேறு சுவர் நிற்கிறது.

அந்தச் சுவருக்கு ஒரு வழக்கின் பெயர் உண்டு. மர்ரி சந்திரசேகர ராவ் என்ற மாணவர் ஆந்திரத்தில் பழங்குடி. தந்தைக்கு வேலை பம்பாயில். அங்கே மருத்துவ இடம் கேட்டார். அந்த ஊரின் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியை எதிர்த்து நடந்த அந்த வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது: ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருப்பவர், இடம்பெயர்ந்த மாநிலத்தில் அந்த உரிமையைக் கோர முடியாது. 2018-இல் பீர் சிங் வழக்கிலும் அதுவே உறுதியானது. அதே சாதிப் பெயர் இரண்டு மாநிலப் பட்டியலில் இருந்தாலும் நிலைமை இதுதான்.

லயத்தில் யார் எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்யும். அது எந்தச் சோதனைச்சாவடியிலும் நிற்பதில்லை. சான்றிதழ் மட்டும்தான் நிற்கிறது.

அப்படியானால் நம் சான்றிதழ் எங்கே செல்லும்? எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற ஒன்றிய அரசு நிறுவனங்களிலும், மாநில அரசுக் கல்லூரிகளின் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டிலும் செல்லும். அங்கே பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5 விழுக்காடு. பிற்படுத்தப்பட்டோருக்கு 27. மாநிலங்கள் ஒப்படைக்கும் இடங்களில் இந்த 27 விழுக்காடு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போராடிய பிறகு 2021-இல்தான் வந்தது. நம் 69 அங்கே இல்லை. மிகப் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி இடம் இல்லை, அருந்ததியர் உள் ஒதுக்கீடும் இல்லை. பிற்படுத்தப்பட்டோர் ஒன்றிய அரசின் படிவத்தில், கிரீமிலேயர் இல்லை என்ற சான்றோடு வாங்க வேண்டும். தாலுகா அலுவலகத்துக்கு நாளையே போங்கள். கலந்தாய்வு தொடங்கிய பிறகு போனால் காலம் போதாது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் சாதிவாரி இட ஒதுக்கீடு இல்லை. பலவற்றில் ஆண்டுக்கட்டணம் 20 லட்சத்துக்கு மேல். வெளிமாநிலத் தனியார் கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகரிடம் நிலத்தையோ நகையையோ கொடுத்துவிடாதீர்கள்.

விருப்பப் பட்டியலில், கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியையும் தயங்காமல் மேலே போடுங்கள். அதனால் கீழே இருப்பது பறிபோகாது. சேருமுன் கட்டணத்தோடு சேவை ஒப்பந்தத்தையும் படியுங்கள். எத்தனை ஆண்டு வேலை பார்க்க வேண்டும், விலகினால் எவ்வளவு அபராதம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பட்டியல் சாதி மாணவர் வெளிமாநிலத்தில் படித்தாலும், பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைச் சொந்த மாநிலம்தான் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, கல்லூரிக்குள் இருக்கும் சாதி. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் வகுப்பிலும் ஒதுக்கப்பட்டதை 2007-இல் தோரட் குழு பதிவு செய்தது. 2019-இல் மும்பையில் மருத்துவர் பாயல் தாட்வியை இழந்தோம். இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல, போகாதே என்று சொல்லவும் அல்ல. அந்த இடங்கள் நம்முடையவை. ஆனால் போகுமுன் அங்கே படிக்கும் நம் மாணவர்களைத் தேடிப் பேசுங்கள். புகார் கொடுக்கப் பட்டியல் சாதி, பழங்குடியினர் பிரிவு செயல்படுகிறதா என்று கேளுங்கள். தனியாகப் போனாலும் தனியாக இருக்காதீர்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நாம் இங்கிருந்து மாற்ற முடியாது. 7.5 விழுக்காட்டுச் சட்டம் தமிழ்நாட்டின் சட்டம், அதைத் திருத்தச் சட்டமன்றம் போதும். இடுக்கியில் தமிழ்வழி அரசுப் பள்ளிகளில் படித்த, தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட தொழிலாளர் பிள்ளைகளையும் அதில் சேர்க்க வேண்டும். இதற்கான மனு மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். மலையில் இருக்கும் உறவுகளின் கையெழுத்தையும் வாங்கி வாருங்கள்.