பழைய வெந்நீர் ஹீட்டர்களும் நமது பொறுப்பும்

(மார்கழிக் குளிரில் ஒரு மாலை, மஃரிப் தொழுகைக்குப் பின் நமது பள்ளிவாசலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பனிக்காலத்தில் ஃபஜ்ருக்கு எழுந்து உளூச் செய்வோருக்கு வெந்நீர் எத்தகைய நிஃமத் என்பதை நாம் அறிவோம். முன்பு விறகடுப்பில் அண்டா ஏற்றினோம். இன்று சுவிட்சைத் தட்டுகிறோம். ஆனால், மாட்டிய நாளிலிருந்து அந்த ஹீட்டரை ஒருமுறையேனும் திறந்து பார்த்தோமா? கைபேசி இரண்டாண்டுக்கொரு முறை மாறுகிறது. வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைகள் தொலைக்காட்சியை மாற்றித் தருகிறார்கள். வயதான தாய் குளிக்கும் அறையிலோ பதினைந்து ஆண்டுப் பழைய ஹீட்டர் துருப்பிடித்துத் தொங்குகிறது. அவரும் வாய் திறந்து கேட்பதில்லை.

ஹீட்டரின் தொட்டிக்குள் மக்னீசியத்தாலான ஒரு தண்டு உண்டு. தொட்டியை அரிக்க வேண்டிய நீர் அந்தத் தண்டை அரிக்கும். அது கரைந்து தீர்ந்தபின் அரிப்பு தொட்டியின்மேல் திரும்புகிறது. நமது ஆழ்துளைக் கிணறுகளின் உப்பு நீரில் சுண்ணாம்பு வேறு படிந்து, சூடேற்றும் கம்பியை மூடிவிடுகிறது. கம்பி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஆகியவை பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். அதற்காகப் புதிது வாங்குவது வீண்விரயமே. தொட்டி ஓட்டையானால் பற்றவைத்து ஓட்ட முயலாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

அழுத்தத்தை வெளியேற்றும் சிறு வால்விலிருந்து நீர் சொட்டுகிறதென்று அதை அடைத்துவிடுவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். தெர்மோஸ்டாட்டும் வெப்பத் தடுப்பும் செயலிழந்த நாளில் உள்ளே பெருகும் அழுத்தத்திற்கு வழியில்லாமல் தொட்டி வெடிக்கும். குழாயைத் தொடும்போது கை சுரீரென்றால் அது மின்கசிவு. அந்த நொடியே மெயினை அணைத்து எலக்ட்ரீசியனை அழையுங்கள். எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இல்லாத வீட்டில் புதிய ஹீட்டரை மாட்டியும் பயனில்லை. 2000 வாட் ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். மூன்றாவது முள்ளை ஒடித்துவிட்டு மாட்டலாகாது. வாளியில் போடும் ராடு இதனினும் ஆபத்தானது. சிறுவர் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

மாற்றும்போது பெரியதே சிறந்தது என்று எண்ண வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் உளூவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் செய்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அது நமது வாளியில் பாதியைக்கூட எட்டாது. 25 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 1.2 யூனிட் செலவாகும். 10 லிட்டருக்கு அரை யூனிட்டும் ஆகாது. நட்சத்திரக் குறியீடு அதிகமுள்ளதை வாங்கினால் சூடு எளிதில் ஆறாது.

சூரிய ஹீட்டர் மக்ரூஹா என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். வெப்ப நாடுகளில் உலோகப் பாத்திரத்தில் வெயிலால் சூடான நீரை உடலுக்குப் பயன்படுத்துவது மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ நூல்களில் உள்ள கருத்தே. ஆயினும், ஆதாரத்தின்படி அது மக்ரூஹ் அல்ல என்பதையே இமாம் நவவீ (ரஹ்) தமது அல்மஜ்மூஃ நூலில் ஏற்றிருக்கிறார்கள். வசதியுள்ளோர் தயக்கமின்றி வைத்துக்கொள்ளலாம்.

வாடகை வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை. ஹீட்டருள்ள வீடு என்று கூறி வாடகை பெற்றபின், "சுவிட்சை அணைத்துவிட்டுக் குளியுங்கள்" என்று குடியிருக்கும் பெண்களிடம் சொல்வது முறையல்ல. அதைச் செப்பனிடுவது உங்கள் பொறுப்பு.

மாற்ற வசதியில்லாத முதியோரும் விதவைகளும் செயலாளரிடம் தனிமையில் தெரிவிக்கலாம். எவர் பெயரும் வெளியே வராது. கழற்றிய பழையதை, "ஏழை வீட்டுக்கு உதவும்" என்று எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வயரை வெட்டியபின் காயலான் கடையில் போடுங்கள்.