எலும்பு சிதையுமுன் அழற்சியைக் காணல்



முதுகுவலி என்றதும் நாம் முதுமையை நினைக்கிறோம். ஆயினும் முதுகெலும்பு மூட்டழற்சி பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்குகிறது. உழைப்பால் வரும் வலி ஓய்வெடுத்தால் குறையும். அழற்சியால் வரும் வலியோ ஓய்வில் மிகுந்து, இயக்கத்தால் தணியும். விடியலில் முதுகு விறைத்து எழ இயலாத மாணவனை நாம் சோம்பேறி என்று எண்ணிவிடக்கூடும்.

திருவெலும்பும் இடுப்பெலும்பும் கூடும் மூட்டில் இந்நோய் முதலில் தோன்றுவது வழக்கம். எக்ஸ்ரே எனும் ஊடுகதிர்ப் படம், எலும்பு அரிக்கப்பட்ட பின்னரே அதனைக் காட்டும். அதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடலாம். எம்.ஆர்.ஐ. எனும் காந்த ஒத்ததிர்வுப் படமோ நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்களின் சமிக்ஞைகளைப் பதிவு செய்கிறது. கொழுப்பின் சமிக்ஞையை அடக்கிவிட்டால், அழற்சியால் எலும்பு மஜ்ஜையில் சேர்ந்த நீர் வெண்மையாய் ஒளிரும். 2009ஆம் ஆண்டில் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த வரையறையில் இப்படமும் சான்றாக இடம்பெற்றது. சிகிச்சைக்குப்பின் அவ்வெண்மை மங்கினால் அழற்சி தணிவதை அறியலாம். ஊடுகதிர் பயன்படாமையால் இப்படத்தை மீண்டும் எடுப்பதில் கதிர்வீச்சு அச்சமில்லை.

எனினும் படம் மட்டுமே நோயை முடிவு செய்துவிடாது. ஓட்டவீரர்க்கும் அண்மையில் மகப்பேறு கண்டோர்க்கும் அத்தகைய வெண்மை தோன்றுவதுண்டு. நோயாளி கூறும் வரலாற்றோடு சேர்த்தே மருத்துவர் அதனைப் படிப்பார்.

ஆகவே, 'முதுகு வலிக்கிறது' என்பதோடு நில்லாமல், எப்போது மிகுகிறது, எதனால் தணிகிறது என்று தெளிவுறச் சொல்ல நம் மாணவரைத் தாய்மொழியில் பழக்குவோம். அவ்விளக்கம் கிடைத்தால்தான் மருத்துவர் உரிய காலத்தில் படமெடுக்கச் சொல்வார்.