விலாசத்தை யார் எழுதுவது?

(தாம்பரத்தில் மாலை வகுப்பு நடத்தும் தோழர்களின் கூட்டத்தில் பேசியது)



குடிசைப் பகுதி இளைஞர்களை 'அதிகாரப்படுத்துதல்' பற்றிப் பேசச் சொன்னீர்கள். அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. கொடுப்பவர் ஒருத்தர், கைநீட்டி வாங்குபவர் ஒருத்தர் என்று ஆகிவிடுகிறது. நமக்குத் தையல் மிஷின் கொடுத்தார்கள், கம்ப்யூட்டர் பயிற்சி கொடுத்தார்கள், சான்றிதழோடு நிற்கவைத்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நீங்க எங்க இருக்கணும்னு நினைக்கிறீங்க என்று மட்டும் கேட்கவில்லை.

கவிதை எழுதுவது ராத்திரியில். பகலில் நான் வங்கிக் குமாஸ்தா. ஒரு பையன் கல்விக்கடனுக்கு வந்தான். ஆதாரில் பழைய ஆற்றங்கரை விலாசம். அந்த வீடு இடித்தாயிற்று. இப்போது இருப்பது பெரும்பாக்கத்தில், ஏழாவது மாடி. "எந்த அட்ரஸ் சார் போடட்டும், பழசா புதுசா?" என்று கேட்டான். அதிகாரி பாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பிராஞ்ச் ஏரியா இல்லியேப்பா" என்றார். வீடு கிளையின் சேவைப் பகுதிக்குள் இல்லை என்ற காரணத்தால் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று 2012 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பதும் விதி. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. மறுநாள் பேசினேன். பையன் திரும்பி வரவில்லை. இந்தக் கூட்டத்தில் இதை மறைத்துவிட்டு வேறு எதுவும் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

அவனுக்கு அந்த விலாசத்தை எழுதியது யார்? குடிசை மாற்று வாரியம் வந்தது 1970ல், சட்டம் 1971ல். சட்டப்படி அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதிகள் அப்போது 1202. 1985ல் இன்னும் 17. அதன்பின் பத்தாண்டுகள் உருண்டோடியும் பட்டியல் நீளவில்லை. பட்டியலில் இருந்தால் சட்டத்தின் காவல் கொஞ்சம் உண்டு. இல்லையென்றால் நீ 'ஆக்கிரமிப்பு'. ஆரம்பத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி கட்டித் தந்த அதே வாரியம், 2000த்திலிருந்து நம்மை மொத்தமாகத் தெற்கே அள்ளிக்கொண்டு வந்தது. கண்ணகி நகரில் 15,656 வீடு, செம்மஞ்சேரியில் 6,764, அப்புறம் பெரும்பாக்கத்து எட்டு மாடிகள். எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய மண். மழை வந்தால் தண்ணி முதலில் நம்மைத்தான் விசாரிக்கும். 2021ல் வாரியத்துக்கு 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் வைத்தார்கள். பெயரில் குறை சொல்ல முடியாது.

பள்ளிக்கூடம் நடக்கும்போதே எத்தனை முறை லாரி வந்தது! வீட்டைத்தானே மாத்தினோம் என்கிறார்கள். அம்மாவுக்கு வீட்டுவேலை பழைய இடத்தில். விடிவதற்கு முன்னால் பஸ் பிடிக்கிறாள். பிள்ளை பள்ளிக்குப் போச்சா, போகலையா, பார்க்க ஆளில்லை. பத்தாவதோடு நின்றவன் வேலை கேட்டுப் போனால், "கண்ணகி நகரா?" என்று ஒரு இழுப்பு. சாதியைக் கேட்க வேண்டியதில்லை, பின்கோடு போதும்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ரயில் பாதையில்தான் பரங்கிமலை. 1883ல் அங்கே பிறந்த எம்.சி. ராஜா ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பறையர், பஞ்சமர் என்று எழுதுவதை நிறுத்து, ஆதிதிராவிடர் என்று எழுது என்று 1922ல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அந்தப் பெயர் நமக்குப் போதுமா என்ற சண்டை தனி. அடுத்தவன் கையிலிருந்த பேனாவை அவர் பிடுங்கினார், அதைச் சொல்கிறேன். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் ஒரு பெண். பத்திரிகைகள் எல்லாம் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே எழுதின. வேலை கேட்கும்போது நம் பையன்கள் மறைக்கிற விலாசம் அது.

சரி, நாம் எந்தப் பேனாவைப் பிடிப்பது? பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது. விதிகள் 2022ல் வந்தன. அந்தந்தப் பகுதி வாக்காளர் எல்லாரும் அதில் பேசலாம். 2022 நவம்பர் 1 அன்று பக்கத்திலிருக்கும் பம்மலில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்து மக்களிடம் குறை கேட்டார். அதே தாம்பரம் மாநகராட்சியில்தான் அனகாபுத்தூரும். 2025 மே மாதம் அங்கே அடையாற்றங்கரை வீடுகளை இடித்து, சனங்களைத் தைலாவரம், கீரப்பாக்கம் என்று அனுப்பினார்கள். இது எந்தப் பகுதி சபையில் பேசப்பட்டது, பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்று நம்மில் யாராவது போய்ப் பார்த்தோமா? நானும் பார்க்கவில்லை. இடித்த அன்று முழக்கம் போட்டோம். முழக்கம் வேண்டும்தான். ஆனால் இடிக்கிற முடிவு அதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே ஒரு கோப்பில் எழுதியாச்சு.

கணக்கெடுக்க அவர்கள் வருமுன் நம் பிள்ளைகள் எடுக்கட்டும். எந்தத் தெரு, எத்தனை வருஷமாக இருக்கிறோம், ரேஷன் கார்டு எந்த வருஷத்தியது, யார் எங்கே படிக்கிறார்கள், அம்மா வேலைக்குப் போக எத்தனை பஸ். மாலை வகுப்பில் கணக்குப் பாடம் முடிந்ததும் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். பன்னிரண்டாவது படிக்கும் பெண்கள் நம் ஆண்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள். நோட்டு அவர்கள் கையில் இருக்கட்டும். தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாயில் மனுப் போடலாம். வங்கிப் பாரம் நிரப்ப ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். மறுத்தால் மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

அடுத்த பகுதி சபைக்கு நம் தீர்மானத்தை இப்போதே எழுதிவிடலாம். பேப்பர் கொண்டுவந்திருக்கிறேன். பின்னால் நிற்கிற தங்கச்சிங்க முன்னாடி வாங்கம்மா.