சிறு கலமும் தன்பெயரும்



அமைதிப் பெருங்கடலின் நடுவே கிரிபட்டி என்றொரு நாடு உளது. அதன் தீவுகளையெல்லாம் ஒருங்கு சேர்ப்பினும் நிலப்பரப்பு ஏறத்தாழ 811 ச.கி.மீ. அளவே. ஆயின், அந் நாட்டிற்கு உரிமையான கடற்பரப்போ 34 நூறாயிரம் ச.கி.மீ. அளவினது, இந்திய நாட்டின் நிலப்பரப்பினும் பெரிது. அத்துணைப் பெருங்கடலைக் காத்தற்கு 1994-ஆம் ஆண்டில் அந் நாட்டிற்கு வாய்த்தது ஒரே ஒரு சிறு காவற்கலம். தலைநகராகிய தராவாவினின்று அதன் கீழ்த்திசையிலுள்ள கிரித்திமத்தித் தீவிற்குச் சீராகச் செலுத்தினால், அக் கலம் சென்று சேர ஆறு நாளுக்கு மேலாகும்.

அக் கடலுரிமை எவ்வாறு வந்தது? 1982-ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை, கரையோர நாடு ஒவ்வொன்றிற்கும் 200 கடல்மைல்வரை மீன்வளத்தையும் பிற வளங்களையும் எடுத்துக்கொள்ளும் தனியுரிமை வழங்கிற்று. சட்டம் உரிமையை எழுதித் தந்தது. காவலை எழுதித் தரவில்லை. சூரைமீன் வேட்டைக்குத் தொலைநாட்டுப் பெருங்கலங்கள் வந்து குவிந்தன. இசைவுக் கட்டணம் செலுத்திப் பிடித்தவை உள. செலுத்தாது கவர்ந்து சென்றவையும் உள. மீன்கட்டணமே அரசின் தலைமை வருவாயாகிய நாட்டில் இக் களவு, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உரிய பொருளைக் களவாடுவதே அன்றோ?

இந் நிலையிற்றான் 1983-இல் ஆத்திரேலிய அரசு, தீவுநாடுகளுக்குக் காவற்கலங்கள் கட்டித் தர முன்வந்தது. 1987 முதல் 1997 வரை 12 நாடுகளுக்கு 22 கலங்கள் வழங்கப்பெற்றன. ஒவ்வொன்றும் 31.5 மீட்டர் நீளம். 162 தொன் எடை. இரண்டு டீசற் பொறிகள். மணிக்கு 20 கடல்மைல் விரைவு. செலுத்துவோர் பதினெண்மர்க்கு மேற்படார். போர்க்கலங்கட்குரிய அரிய நுட்பங்கள் வேண்டுமென்றே விலக்கப்பட்டன. வணிகக் கலங்களில் வழங்கும் எளிய பொறிகளும் உறுப்புகளுமே பொருத்தப்பட்டன. சிறு துறையிலும் பழுதுபார்த்தல் இயல வேண்டும் என்பதே கரணியம்.

அக் கலங்கள் ஆற்றிய பணியும் எளிதன்று. அயற்கலத்தை மறித்தல், அதன்மேலேறி இசைவுத்தாளையும் மீன்கணக்கையும் ஆராய்தல், குற்றங்கண்டவிடத்துத் துறைமுகத்திற்குக் கொண்டுசேர்த்தல் என்பன அவற்றின் முதற்பணி. கடலில் வழிதவறியோரைத் தேடுதலும், சூறாவளி வீசியபின் குடிநீரும் உணவும் சுமந்து தொலைத்தீவுகட்குச் செல்லுதலும் அவற்றின் தலையிலேயே விழுந்தன.

இனி, கேட்போர் கருதத்தக்க செய்தி ஒன்று. எஃகு ஆத்திரேலியருடையது, கட்டியோர் ஆத்திரேலியர், பயிற்றியோரும் ஆத்திரேலியரே. ஆயினும், பெயர் மட்டும் பெறுவோர் உரிமையாயிற்று. அவ் வுரிமையை அச் சிறுமக்கள் எங்ஙனம் ஆண்டனர்? சமோவர், தம் பழங்கதைகளிற் போற்றப்பெறும் போர்த்தெய்வமாகிய நாபனுவாவின் பெயரை இட்டனர். தமிழர்க்குக் கொற்றவை எத்தகையளோ, அவர்க்கு அவள் அத்தகையள். குக்குத் தீவினர் 'தே குக்குப்பா' என்று தம் தீவுப் புறாவின் பெயரைச் சூட்டினர். பிசித் தீவினர் குலா, கிக்காவு எனத் தம் காட்டுப் பறவைகளை நினைந்தனர். தோங்கர் நெயாபு, பங்காய் எனத் தம் ஊர்ப்பெயர்களைக் கடலில் மிதக்கவிட்டனர். மறிக்கப்பட்ட அயற்கலத்தான் முதலிற் படித்தது அந்தப் பெயரையே. யாருடைய கடலிற் புகுந்தோம் என்பதை அஃது அவனுக்கு உணர்த்திற்று.

எல்லாரும் அவ்வாறு செய்தார் என்று கூறுதல் உண்மையாகாது. பாப்புவா நியூகினி பெற்ற நான்கனுள் ஒன்றே கழுகினத்தைக் குறிக்கும் உள்நாட்டுச் சொல்லாகிய 'தரங்காவு' என்னும் பெயர் தாங்கிற்று. மற்றொன்று 'சீஆட்லர்'; கடற்கழுகைக் குறிக்கும் செருமானியச் சொல். இன்னொன்று 'பாசிலிசுக்கு', 1870-களில் அக் கரையை அளக்க வந்த ஆங்கிலக் கலத்தின் பெயர். ஆண்டவர் அகன்ற பின்னும் அவர்தம் பெயர் கலத்தின் முகப்பில் ஆண்டுகொண்டிருந்தது. 1997-இல் மைக்குரோனீசியர் பெற்ற இறுதிக் கலத்தின் பெயரோ 'இண்டிபெண்டன்சு'. விடுதலையைக் குறிக்கும் பெயரே அயன்மொழிச் சொல்! பல மொழிகள் வழங்கும் அந் நாட்டில் ஆங்கிலம் பொதுமொழியாயிற்று என்பது விளக்கமாகலாம். வெட்கத்தை அது முற்றும் துடைத்துவிடாது.

எனினும், பிழை திருந்தக் கூடியதே. 2018 முதல் பழங்கலங்களுக்கு மாற்றாக 39.5 மீட்டர் நீளமுள்ள புதுக்கலங்கள் வழங்கப்பெற்றன. அவற்றை ஏற்ற பாப்புவா நியூகினியர், செருமானியப் பெயரையும் ஆங்கிலக் கலத்தின் பெயரையும் கைவிட்டு, தம் படைக்குத் தலைமை தாங்கிய தம் நாட்டவர் பெயர்களைச் சூட்டினர். முதற்கலம், அந் நாட்டிற் பிறந்து அதன் படைத்தலைவரான முதல்வராகிய தெத்து தீரோவின் பெயர் பெற்றது. சமோவரின் இரண்டாம் நாபனுவா 2021-இல் தரைதட்டிச் சிதைந்தது. சீர்செய்தற்கும் உதவாது போயிற்று. 2024-இல் வந்த மாற்றுக்கலத்திற்கும் அப் பெயரையே இட்டனர். எஃகு அழிந்தும் பெயர் அழிந்திலது.

'பெயரா கலத்தைச் செலுத்தும்?' என்று வினவுவார் உளர். வினா நேரியதே. எரிநெய் இன்றித் துறையிற் கட்டுண்டு கிடக்கும் கலம் எந்தப் பெயர் தாங்கினும் ஒரு மீனையும் காவாது. பிறர் தந்த கலம், பிறர் தரும் உறுப்பு, பிறர் உதவியாற் பழுதுநீக்கம் என்னும் நிலை நீடிக்குமளவும் அம் மக்களின் காவல் நிறைவான காவலாகாது. இதனை அவர்களும் அறிவர்.

ஆயினும், கலம் கட்டப் பொருள் வேண்டும், தொழிற்சாலை வேண்டும், நெடுங்காலம் வேண்டும். தன்பெயர் இடுதற்கு இவற்றுள் ஒன்றும் வேண்டா; மனம் ஒன்றே போதும். பொருள் வேண்டாத அச் செயலையும் செய்யாதவன், பொருள் வேண்டும் பெருஞ்செயலை என்று செய்வான்? 26 ச.கி.மீ. நிலமும் ஏறத்தாழப் பத்தாயிரம் மக்களுமே உடைய துவாலு நாடு, தன் ஒரே காவற்கலத்திற்குத் 'தே மத்தைலி' எனத் தன் மொழியிலேயே பெயரிட்டது. எண்ணிக்கையிற் சிறியோம் என்று அவர் நாணவில்லை. எண்ணிக்கையிற் பெரியோர் இதனைக் கேட்டுத் தம் கடைப்பலகையையும் தம் மக்கள் பெயரையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாராக!