இரக்கமும் வேணும், கணக்கும் வேணும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுவில், தொழில் செய்யும் குழுக்களுக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)



தொழில் தொடங்கணும்னு வர்ற குழுக்களிடம் எதுக்காகன்னு கேட்டால், நிறையப் பேர் சொல்ற பதில் ஒண்ணுதான்: "நாலு பேருக்கு உதவியா இருக்கும்." ஆதரவில்லாத பெண்ணுக்கு வேலை, இளைச்ச பிள்ளைக்குச் சத்துமாவு. எண்ணம் நல்லதுதான். ஆனால் ஒரு குழு, இரக்கப்பட்டு எல்லாருக்கும் கடனுக்கே மாவு கொடுத்தது. கொஞ்ச நாளில் அரவை நின்று போனது. அங்கே கூலிக்கு இருந்த இரண்டு விதவைப் பெண்களுக்கும் வேலை போனது. வங்கித் தவணை மட்டும் நிற்கவில்லை.

அப்போ லாபத்தை மட்டும் பார்க்கணுமா? அதுவும் இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்க. நம்மில் பலருடைய மாமியார்கூட அங்கே போய் லென்ஸ் வைத்து வந்திருப்பாங்க.

அதைத் தொடங்கியவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்தில் 1918-ல் பிறந்தவர். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களை வைத்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கண் ஆபரேஷன் செய்தவர். அரசு வேலையில் ஓய்வு பெற்றபின், 1976-ல் வெறும் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். வீடு அடமானம் போனது, குடும்பத்து நகையும் அடகுக்குப் போனது. (நமக்குத் தெரியாத கதையா இது!)

அங்கே பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டுறாங்க. முடியாதவர்களுக்கு இலவசம், அல்லது ரொம்பக் குறைந்த கட்டணம். இரண்டு பக்கத்துக்கும் அதே டாக்டர்கள்தான். பணம் கட்டினால் தனி அறை கிடைக்கும், இலவசம் என்றால் பொதுக்கூடத்தில் பாய். வித்தியாசம் வசதியில்தான், வைத்தியத்தில் இல்லை. "நீ ஏழையா, சான்றிதழ் காட்டு" என்றும் கேட்பதில்லை.

இது எப்படிக் கட்டுப்படியாகுது? செலவைக் குறைத்ததால்தான். ஒரு ஆபரேஷன் முடியும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். டாக்டர் நேரம் வீணாவதில்லை. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மற்ற வேலைகளை அவங்களே பார்க்கிறாங்க. வெளிநாட்டு லென்ஸ் 100 டாலர் அளவில் விற்ற காலத்தில், 1992-ல் ஆரோலேப் என்று தொடங்கி, அதில் சிறு பங்கு விலைக்குத் தாங்களே லென்ஸ் செய்தாங்க.

இன்னொன்று. இலவசம்னு சொல்லியும் ஆரம்பத்தில் நிறையப் பேர் ஆபரேஷனுக்கு வரவில்லை. பஸ் காசு யார் கொடுப்பது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது? இதைக் கேட்டறிந்த பிறகுதான் வண்டியும் சாப்பாடும் ஏற்பாடு செய்தாங்க. உதவணும்னு நினைக்கிறவங்க, எது தடுக்குதுன்னு அந்த ஆளிடமே கேட்கணும்.

இப்போ நம்ம சத்துமாவுக்கு வருவோம். உதாரணத்துக்கு, 10 கிலோவுக்குத் தானியம், அரவை, கவர், கூலி எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய் ஆகுதுன்னு வைங்க. கூலியை விட்டுடாதீங்க. நம்ம உழைப்பை நாமே கணக்கில் சேர்ப்பதில்லை, அது பெரிய கெட்ட பழக்கம். டவுனில் கிலோ 130 ரூபாய்க்கு 7 கிலோ விற்றால் 910. இல்லாத வீட்டுக்கு 70 ரூபாய்க்கு 3 கிலோ கொடுத்தால் 210. மொத்தம் 1,120. மீதி 120 ரூபாய் தவணைக்கு ஆகும். அதையே ஐந்துக்கு ஐந்து என்று கொடுத்தால் சரியாக 1,000 தான் வரும், தவணைக்குப் பைசா மிஞ்சாது. ஆகவே எத்தனை கிலோ குறைத்துக் கொடுக்கலாம் என்பதை மனசு சொல்லக் கூடாது, நோட்டு சொல்லணும். இன்னும் ஐந்து வீட்டுக்குக் கொடுக்கணும்னு தோணினால், டவுனில் இன்னும் நாலு கடை பிடிங்க.

மாவு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். வேணும்னா கவர் சாதாரணமாக இருக்கட்டும். யாருக்குக் குறைந்த விலை என்பதைக் குழுவுக்குள் தீர்மான நோட்டில் எழுதுங்க, தெருவில் பேச வேண்டாம். அந்த வீட்டுக்காரம்மாவுக்கும் மானம் இருக்கு. கடன் சொல்லி வாங்குவது வேற கணக்கு, இதில் கலக்காதீங்க.

தொழில் செய்யும் குழுக்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, மூன்று மாத வரவு செலவு நோட்டோடு வாங்க. எந்த விலையில் எவ்வளவு விற்றதுன்னு தனித்தனியாக எழுதி வாங்க. உட்கார்ந்து சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.