கூட்டுச் சாக்கடையும் அண்டை வீட்டாரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே வழக்கம். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ சாக்கடை. இதற்காக எவரும் முகம் சுளிக்க வேண்டா. மணிமேகலை ஆசிரியராகிய சாத்தனார் ஒரு பெருநகரின் சிறப்பை வருணிக்கும்போது, மனைகளிற் கழிந்த நீர் சுருங்கை என்னும் மூடிய கால்வாய் வழியே அகழியை அடைவதையும் மறவாது கூறுகின்றார். மாடமும் மதிலும் போலவே கழிநீர் செல்லும் வழியும் நகரின் பெருமையைச் சேர்ந்தது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

தில்லி மாநகரில் வாழும் நம்மவருட் பலர் தளவாரியாகப் பிரித்து விற்கப்பட்ட வீடுகளில் குடியிருக்கின்றனர். தளங்கள் நான்கு, குடும்பங்கள் நான்கு, அனைவரின் கழிநீரும் இறங்குவதோ ஒரே குழாயில். அக்குழாய் கீழ்த்தளத்தாரின் முற்றத்துக்கு அடியிற் சென்று, 'சேம்பர்' என்று நாம் வழங்கும் மூடிக் குழிகள் சிலவற்றைக் கடந்து, தெருச் சாக்கடையை அடைகின்றது. வேறு சிலருடைய குழாய் பக்கத்து மனையின் ஊடே செல்கின்றது. குழாய் ஓடும்வரை அதனை எவரும் நினைப்பதில்லை. அது அடைபட்ட அன்றுதான் நாம் ஒருவரையொருவர் எவ்வளவு சார்ந்திருக்கின்றோம் என்பது விளங்குகின்றது.

அடைப்பு எங்கே என்று அறிதலே முதற்கடமை. இதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. ஒரு தளத்தில் மட்டும் நீர் தேங்கினால் குறை அத்தளத்தைச் சார்ந்தது. எல்லாருடைய நீரும் மெல்ல இறங்கி, மிகத் தாழ்ந்த தளத்தின் குளியலறையில் எதிர்த்துப் பொங்கினால் குறை பொதுக் குழாயில் உள்ளது. அப்பொழுது வீட்டுப் பக்கமிருந்து தெருப் பக்கமாகச் சேம்பர்களை வரிசையாகத் திறந்து நோக்க வேண்டும். நிரம்பி நிற்கும் கடைசிக் குழிக்கும், அதனையடுத்து வற்றியிருக்கும் முதற் குழிக்கும் இடையேதான் அடைப்பு இருக்கின்றது. எல்லாக் குழிகளும் நிரம்பித் தெருக்குழியும் நிரம்பியிருப்பின், அது தில்லி ஜல் போர்டு கவனிக்க வேண்டிய பணி. 1916 என்னும் எண்ணில் முறையிடலாம். மனைக்குள் இருக்கும் குழாயோ உரிமையாளர்களின் பொறுப்பு.

இனி அண்டை வீட்டாரிடம் வருவோம். தமது முற்றத்திலுள்ள சேம்பரைத் திறக்க அவர் இசைவதில்லை. "எம் வீட்டில் குறையொன்றும் இல்லை" என்கின்றார். கதவும் அடைபடுகின்றது. உடனே நாம் அவரைக் கொடியவர் என்று முடிவு கட்டிவிடுகின்றோம். ஆயினும் அவருடைய மறுப்புக்குள் பெரும்பாலும் ஓர் அச்சம் ஒளிந்திருக்கின்றது.

நம்மவர் சிலர் வாழும் வீடொன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். கீழ்த்தளத்துப் பெரியவர் பத்து நாட்கள் இடங்கொடுக்கவில்லை. மேல்தளத்தார் உரத்துப் பேசினர். அவர் அதனினும் உரத்துப் பேசினார். பதினோராம் நாள் நம்மவருள் முதிர்ந்த அம்மையார் ஒருவர் தனியே சென்று, "தங்களுக்கு இதில் என்ன இடர்?" என்று கேட்டார். அதுவரை எவரும் கேளாத கேள்வி அது. தாம் முற்றத்தை அறையாக்கியபோது சேம்பரின்மேல் சலவைக்கல் பதித்துவிட்டதாகவும், திறப்பதற்கு அதனை உடைக்க வேண்டும் என்பதாகவும் அவர் சொன்னார். அவருடைய பெற்றோர் 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் மேற்குப் பஞ்சாபில் வீடு இழந்து வந்தவர்கள். அத்தகைய குடும்பத்தவர் தம் தரையைப் பிறர் கையால் உடைக்க விடத் தயங்குதல் வியப்பன்று. மூன்று குடும்பத்தாரும் கூடி, உடைத்த கல்லை மீண்டும் பதித்துத் தருவதாகவும், அவ்விடத்தில் திறந்து மூடும் மூடி ஒன்று அமைப்பதாகவும், செலவை நால்வரும் சமமாகப் பகிர்வதாகவும் இந்தியில் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டனர். மறுநாட் காலை கல் பெயர்ந்தது. நண்பகலுக்குள் நீரும் ஓடியது.

எல்லாரும் அவ்வாறு இணங்குவர் என்று நாம் சொல்ல வரவில்லை. இன்சொல் பயனளிக்காதவிடத்துச் சட்டம் உண்டு. முதலில் கிரயப் பத்திரத்தை எடுத்துப் படித்தல் வேண்டும். பொதுக் குழாயைச் செப்பனிட உட்புகும் உரிமை அதில் எழுதப்பட்டிருத்தல் கூடும். பக்கத்து மனையின் ஊடே குழாய் செலுத்தும் உரிமை உடையவர்க்கு 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் துணை நிற்கின்றது. அதன் 24ஆம் பிரிவின்படி, அவ்வுரிமையைத் துய்ப்பதற்கு வேண்டிய செயல்களை அவர் செய்யலாம். ஆனால் நிலத்துக்குரியவர்க்கு இயன்றவரை தொல்லை குறைவாகச் செய்ய வேண்டும். நேர்ந்த சேதத்தையும் சீர்செய்ய வேண்டும். உரிமையையும் கடமையையும் அச்சட்டம் ஒரே மூச்சில் கூறுவதைக் கவனியுங்கள். ஆகவே நாளும் நேரமும் குறித்து மடல் எழுதுதல், நிழற்படம் எடுத்து வைத்தல், குடியிருப்போர் சங்கத்தை நடுவராக்குதல், அதன் பின்னரே வழக்கறிஞரை நாடுதல் என்பதே முறையான படி.

கழிவு தெருவில் வழிந்து ஊரார்க்குத் தீங்காயின், நிருவாக நடுவரிடம் முறையிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, 2024 சூலை முதல் புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவாக நிற்கின்றது. மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரில், திறந்த சாக்கடையால் துன்புற்ற மக்கள் அப்பழைய பிரிவின்படியே முறையிட்டனர். பணமில்லை என்று நகராட்சி சொன்ன சாக்கு 1980இல் உச்சநீதிமன்றத்தில் ஏற்கப்படவில்லை. தீர்ப்பெழுதியவர் பாலக்காட்டிற் பிறந்த நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர்.

அன்பர்களே, இதுவரை கூறியவற்றினும் இன்றியமையாத ஒன்று உண்டு. அண்டை வீட்டாரோடு நாம் பிணங்கி நிற்கும் நாட்களில் நாற்றம் பொறுக்க முடியாததாகின்றது. அவ்வேளையில் யாரேனும் ஒருவர், "ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் ஒருவன் தெருக்குழியில் இறங்கிக் குத்திவிடுவான்" என்பார். அச்சொல்லுக்கு நாம் செவிசாய்க்கலாகாது. அடைபட்ட குழியில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு தங்கும். அது காற்றினும் கனமானது. சிறிதளவாயின் அழுகிய முட்டைபோல் நாறும். மிகுந்தாலோ மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நீங்கியது என்று இறங்கியவன் எண்ணும் கணமே அவனுக்கு இறுதிக் கணமாகலாம். அவனை மீட்க இறங்குபவனும் மாள்கின்றான்.

காப்புக் கருவியின்றி ஒருவரைச் சாக்கடையில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. முதற் குற்றத்துக்கே ஈராண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இது நிறுவனங்களுக்கு மட்டுமன்று, வேலைக்கு அழைக்கும் வீட்டாருக்கும் பொருந்தும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் தர வேண்டுமென 2014இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. எத்தனை இலட்சமாயினும் ஓர் உயிருக்கு அது ஈடாகுமோ? நாம் அண்டை வீட்டுக் கதவைப் பொறுமையாய் இன்னொரு முறை தட்டத் தயங்கியதற்கு, நம் சண்டையில் ஒரு பங்கும் இல்லாத ஒருவன் உயிரை விலையாகத் தருவதா? மேலிருந்தே செலுத்தும் வளைகம்பியும், நீரைப் பீய்ச்சும் பொறியும் இன்று வாடகைக்குக் கிடைக்கின்றன. செலவு சற்று மிகுதியே. அதனை நால்வரும் பகிர்ந்தால் எவர்க்கும் பாரமாகாது.

முடிவாகச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் வீட்டுச் சேம்பர்கள் எங்கெங்கே உள்ளன என்று ஒரு தாளில் வரைந்து வைப்போம். எண்ணெய்ப் பிசுக்கு, தேயிலைச் சக்கை, அணையாடை ஆகியவற்றைக் குழாயில் இடாதிருப்போம். நாம் மேலே எறிவது கீழ்த்தளத்தார் வீட்டிலன்றோ பொங்குகின்றது! அடைப்பு நேர்வதற்கு முன்னரே அண்டை வீட்டாரை அறிந்துகொள்வோம். தைத்திங்களில் பொங்கலைக் கொண்டுசென்று கொடுத்த வாயிலில், ஆடி மழைக்காலத்தில் சேம்பரைத் திறக்கக் கேட்பது எளிது. சுற்றமெல்லாம் தொலைவில் இருக்க நாம் வாழும் இவ்வூரில், நள்ளிரவில் அழைத்தால் முதலில் வரக்கூடியவர் அவரே.